புதன்கிழமை மருந்து

கவரைப்பேட்டை
31-8-1979

பள்ளிப்பட்டில் இருக்கும் என் அன்புள்ள அக்கா கங்கம்மாளுக்குத் தங்கை கனகாம்பாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், அவர், பையன்கள் இருவர், கைக்குழந்தை குணசுந்தரி, கறவை மாடு எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அவ்விடம் நீயும் மாமாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுமென்று கோருகிறேன். மனசளவில் எப்படி என்று நீ கேட்பாய். அதை எழுத இன்லண்டு லெட்டர் போதாது என்றுதான் நாலு முழுத்தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நேரம் ஆனாலும் பரவாயில்லை, நீயே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

போன ஐப்பசியில் எங்கள் பக்கத்து வீட்டு ஞானம்மாவின் பேரன் சின்னதுரைக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததும், நாலாம் நாள் அவன் இடது கால் ஈரத்துணி போலத் தொங்கிவிட்டதும் உனக்குத் தெரியும். இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அதிலிருந்து குழந்தை வைத்திருக்கும் வீடுகளிலெல்லாம் லேசாக உடம்பு சுட்டாலே அடுப்பு எரியாது. இந்த ஆனி மாதம் ஒரு ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, அந்த நோய்க்குப் புது மருந்து வந்திருக்கிறது, ஊசி கிடையாது, குழந்தை வாயில் இரண்டே சொட்டு, புதன்கிழமைதோறும் புங்கமேட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. மருந்து மெட்ராசில் இறங்கும், அங்கே பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும், நமக்குக் காலி பாட்டில்தான் வரும் என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். ஞானம்மா மட்டும் மருந்து வரும் என்றாள். எப்போது என்று கேட்டதற்கு, "எங்க சின்னதுரைக்குக் கல்யாணமாயி, அவன் புள்ளைக்குப் பல்லு மொளைக்கறப்ப வரும்" என்றாள். அவள் சிரிக்காமல் சொன்னதால் எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை.

நம்பினவர் ஊரிலேயே ஒரே ஒருவர், எங்கள் வீட்டுக்காரர். முதல் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மருந்து வரவில்லை. குழந்தை நாள் முழுக்க வெயிலில் கிடந்து, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வந்து சேர்ந்தது. இல்லாத மருந்துக்காக இருக்கிற பிள்ளையை வதைக்காதீர்கள், மருந்து வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சத்தம் போட்டேன். அக்கா, நான் செய்த பெரிய தப்பு அதுதான். அடுத்த புதனிலிருந்து அவர் தனியாகப் போக ஆரம்பித்தார்.

தனியாகப் போகிறவர் எப்படிப் போக வேண்டும்? கழனிக்குப் போகிறவர் மாதிரிப் போக வேண்டும். இவர் முகச்சவரம் செய்துகொண்டு, சலவை வேட்டி கட்டி, நம் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்துப் போனார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் வகிடு கோணல், போட்டோவில் பார்த்தால் உனக்கே தெரியும். போகும்போது கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் வெறுங்கையோடு வருவார். மருந்தும் இருக்காது, முருங்கைக்காயும் இருக்காது. ஏன் வரவில்லை என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு காரணம். ஒரு வாரம், மருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டுமாம், வழியில் வண்டி நின்று ஐஸ் உருகிவிட்டதாம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கரண்டு போய் மருந்து கெட்டுவிட்டதாம். ஒரு வாரம் மருந்து வந்ததாம், ஆனால் பன்னிரண்டு குழந்தைக்குத்தான் வந்ததாம், இவர் பதின்மூன்றாவது ஆளாம். ஒவ்வொரு காரணத்துக்கும் முடிவில், "நர்சம்மா சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை. யார் அந்த நர்சம்மா என்று விசாரித்தேன். பெயர் ரோசம்மாளாம். வயது இருபத்தைந்துகூட இருக்காதாம், கைக்கடிகாரம் கட்டியிருப்பாளாம், வெள்ளைப் புடவையாம், குடை பிடித்து நடப்பாளாம். இவ்வளவும் பஸ் கண்டக்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து கைக்கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. சந்தேகப்படாமல் என்ன செய்வேன்?

அதோடு நின்றதா? தண்ணீரைக் காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டுமாம், நர்சம்மா சொன்னாங்க. பால் குடிக்கும் சங்கைக் கொதிநீரில் போட வேண்டுமாம், நர்சம்மா சொன்னாங்க. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் தண்ணீர் எந்தப் பானையில் இருக்கிறது என்றே தெரியாத மனுஷர், அடுப்பங்கரையில் வந்து நின்று, தண்ணீர் கொதித்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறார். பெரியவன் பள்ளிக்கூட நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான், குடை பிடித்த பொம்மை. இது யாரடா என்றேன். "நைனா சொல்லுமே, அந்த நர்சக்கா" என்றான். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல பயந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்தும் ஒரு புதன்கிழமை. நாடு முழுக்க விடுமுறை. அன்றைக்கும் வகிடு எடுத்துக் கிளம்பினார். லீவு நாளில் எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பார்கள் என்றேன். "கொடி ஏத்துவாங்க, யாராச்சும் இருப்பாங்க, கேட்டுக்கினு வந்துடறேன்" என்றார். மத்தியானம் திரும்பி வந்தபோது சட்டைப் பையில் காகிதக்கொடி ஒன்று குத்தியிருந்தது. நான் அந்தக் குண்டூசியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கொஞ்சம்கூடக் கோணாமல், துணி சுருங்காமல் குத்தியிருந்தது. ஆண் கை அப்படிக் குத்தாது, அக்கா. அந்தக் கொடியை நான் பிடுங்கவும் முடியாது, தேசத்தின் கொடி. மூன்று நாள் ஆணியில் தொங்கிய அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு வேலை செய்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மருந்து வராதவரைக்கும் இவர் போய்க்கொண்டேதான் இருப்பார். மருந்து வந்துவிட்டால் இரண்டு சொட்டோடு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே ஊரில் யாரையும்விட அந்த மருந்து வந்தாக வேண்டியது எனக்குத்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தது வீண் போகக் கூடாது என்று, கலெக்டர் ஐயாவுக்கு ஒரு மனு எழுதினேன். ஒலிபெருக்கியில் வந்த மருந்து ஒலிபெருக்கியிலேயே நின்றுவிடலாமா, எங்கள் குழந்தைகள் கால் நொண்டித்தான் நடக்க வேண்டுமா என்று எழுதினேன். எனக்கே கண்ணீர் வந்தது. வீடு வீடாகப் போய் நாற்பத்தியொரு பெண்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கினேன். எல்லோரும் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். ஊருக்காக இப்படி அலைகிறாளே என்று ஒருத்தி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஞானம்மா வீட்டுக்குப் போக மட்டும் கால் வரவில்லை. அவளே வந்தாள். மனுவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மையைத் தொட்டுக் கட்டை விரலை வைத்தாள். "வராதுன்னுதான் நெனைக்கிறேன் கனகா. எங்க புள்ளைக்கு இனிமே வந்தும் ஒண்ணுமில்ல. உன் பொண்ணுக்காச்சும் வரட்டும்" என்றாள். சின்னதுரை அவள் இடுப்பில் உட்கார்ந்து மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா, அன்று நான் சாப்பிடவில்லை. அந்தக் கிழவி எதற்காக ரேகை வைத்தாள், நான் எதற்காக எழுதினேன் என்று நினைத்தபோது என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மறு புதன்கிழமை அவர் மறுபடி வகிடு எடுத்தபோது அந்த நினைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முந்தாநாள் பத்தாவது புதன்கிழமை. அவர் முதல் பஸ்ஸில் போனார். பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நான் ஏறினேன். அந்தப் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. நடந்தேன். செருப்பு அறுந்தது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது, அதில் ஏறினேன். குழந்தை என் மேலேயே பாலைக் கக்கியது. எந்தப் புடவையில் போய் நின்றால் அந்த நர்ஸ் வாயடைத்துப் போவாள் என்று யோசித்து யோசித்து மாம்பழக் கலர் பட்டைக் கட்டியிருந்தேனே, அது தோளில் பாலும் தலையில் வைக்கோலுமாகப் புங்கமேட்டில் இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்ப மரம். அதன் கீழே வரிசையாகச் செங்கல், தேங்காய் மட்டை, துணி மூட்டை, பழைய செருப்பு. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு வரிசையில் இடம். முதல் செங்கலுக்குப் பக்கத்தில், சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் குத்துக்காலிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எந்த ரோசம்மாளும் இல்லை. வாசல் காவற்காரர் தேசப்பன்தான் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காக்கிச் சட்டையில், கொஞ்சம்கூடக் கோணாமல், சுதந்திர தினத்துக் காகிதக்கொடி இன்னும் குத்தியிருந்தது. அவர் காலடியில் எங்கள் வீட்டு முருங்கைக்காய்.

என்னைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் திருட்டு முழி இருக்கும் என்று தேடினேன். அழுகிற மாதிரிதான் இருந்தது. "மருந்து வந்துடுச்சு கனகா. இப்பதான் பொட்டி உள்ள போச்சு. முப்பது புள்ளைக்குத்தானாம். மொத ஆளா இருந்துக்கினு புள்ளைக்கு எங்க போவேன், சைக்கிள் ஒண்ணு கெடைக்கலியேன்னு தவிச்சுக்கினு இருந்தேன். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"மனசு சொல்லிச்சு" என்றேன். அக்கா, அவர் அதை நம்பினார். என் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பதின்மூன்றாவது ஆளாய் நின்ற வாரம் முதல், பொழுது விடியும்போதே வந்து முதல் இடம் பிடிக்கிறாராம். கழனி வேட்டியோடு வந்த நாள் உள்ளே விடவில்லையாம், அதனால்தான் டெரிலின் சட்டையாம். மருந்துப் பெட்டி எந்த வண்டியில் வருகிறது என்று முன்கூட்டித் தகவல் சொல்கிறவர் தேசப்பனாம், அதற்குத்தான் முருங்கைக்காயாம். சின்னதுரையின் கால் தினமும் கண்ணில் படுகிறதே, நம் பெண் நடக்க ஆரம்பிக்கும் முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று தூக்கமே இல்லை என்றார். எனக்கும் இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. காரணத்தை நான் சொல்லவில்லை.

பிறகு ரோசம்மாள் வெளியே வந்தாள். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அழகிதான். கண்டக்டர் சொன்னதைவிடவும் அழகு. ஆனால் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஐஸ் உருகுவதற்குள் முப்பது பிள்ளைகளின் வாயைத் திறக்க வேண்டும். குணசுந்தரியின் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கி இரண்டு சொட்டு விட்டாள். குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டி இன்னும் கேட்டது. ரிஜிஸ்தரைத் திறந்து, குழந்தையின் அப்பா பெயர் என்ன என்றாள். அவர் அந்த நேரத்தில் செங்கல்லை எடுத்து ஓரமாக வைக்கப் போயிருந்தார். நான், "அவரைத்தான் உங்களுக்கு நல்லா தெரியுமே" என்றேன். எட்டிப் பார்த்தாள். "ஓ, அந்த மொத செங்கல்காரரா? வாரா வாரம் வராரு. பேரு இன்னான்னு தெரியாதும்மா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. பத்து வாரம் ஒரு மனுஷர் வெயிலில் காத்துக் கிடந்திருக்கிறார். பத்து ஏக்கர் நன்செய் வைத்திருக்கிறவர், பார்க்க லட்சணமாக இருப்பவர், வகிடுகூட எடுத்திருக்கிறார். அவர் பெயரைக்கூட ஒருத்தி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்றால் அவளுக்கு எவ்வளவு திமிர்? அவளுக்குப் பெயர் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. பின்னால் இருபத்தொன்பது குழந்தைகள் அழுகின்றன, ஐஸ் உருகுகிறது. கடைசியில் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, பூவராகவன் என்று ரிஜிஸ்தரில் இரண்டு கட்டத்தை அடைத்துப் பெரிசாக எழுதினேன். இனிமேல் அவளுக்கு மறக்காது.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் என் மனுவால்தான் மருந்து வந்தது என்றார்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து பதிலே வரவில்லை என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஞானம்மா வந்து குழந்தையின் இரண்டு பாதத்தையும் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வந்துடுச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஆகவே அக்கா, என் மனசு இப்போது தெளிந்த நீர் மாதிரி இருக்கிறது. அவரைப் போன்ற மனுஷரைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு நானே தண்டனையாக இனி எந்தப் புதன்கிழமையும் அவரை ஒரு கேள்வி கேட்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். மாமாவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் கடைசிக் குழந்தைக்கும் அந்தச் சொட்டு மருந்து வாங்கு, வரவில்லை என்றால் வரும்வரை போய் உட்கார். ஆனால் மாமாவை அனுப்பாதே, நீயே போ. தெய்வம் எல்லோருக்கும் காலும் கையும் திடமாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை,
கனகாம்பாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அவர் புங்கமேட்டிலிருந்து வந்துவிட்டார். சொட்டு மருந்து ஒரு தடவையோடு முடியாதாம். மாதத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு தடவையாம், வருகிற வருஷம் மறுபடி ஒன்றாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குழந்தைகள் நிறைய இருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து ரோசம்மாளே பெட்டியோடு இங்கே வந்து கொடுக்கிறாளாம். அவள் உட்கார்ந்து கொடுக்க நல்ல காற்றோட்டமான வீடு ஒன்று வேண்டும் என்று கேட்டாளாம், இவர் நம் வீடு இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இதை எழுதும் இந்த நேரம் வாசலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுச் சுவரை அவர் கையால் தொட்டதே இல்லை.