மாதுளந்தோட்டத்துத் திருடனைப் பற்றி மச்சானுக்கு எழுதியது

மல்லாங்கிணறு
17.4.2005

மரியாதைக்குரிய மச்சான் லட்சுமிகாந்தம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சண்முகத்தாயின் கணவன் பெத்தணன் மிகுந்த வணக்கத்தோடும் அதைவிட மிகுந்த வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மானத்தளவில் எனக்கு மட்டும் பத்து நாளாகச் சுகமில்லை. தாங்கள் மூன்று தடவை போன் செய்தும் நான் எடுக்காததற்குக் காரணம் அதுதான். முதல் தடவை வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவை குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை தங்கள் தங்கை, "எங்கண்ணன்ட்ட என்னையப் பொய் சொல்ல வைக்காதீக, நீங்களே பேசித் தொலைங்க" என்று ரிசீவரை நீட்டியபோது நான் கொல்லைப் பக்கமாக வெளியேறிவிட்டேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். காரியாபட்டி மாப்பிள்ளை வீட்டார் நம் யோகலட்சுமியைப் பெண் பார்க்க வருவதை ஏன் தள்ளிவைத்தார்கள் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். முழுக் காரணமும் நான்தான்.

கிணற்றடியில் நான் பதினோரு மாதுளை வைத்திருப்பது தங்களுக்குத் தெரியும். இந்தக் கரிசலில் மாதுளையா என்று சிரித்தவர்களில் தாங்களும் ஒருவர். மூன்று வருடம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி இந்தப் பங்குனியில்தான் நல்ல காய்ப்பு. ஆனால் பழுக்கப் பழுக்கத் தினமும் இரண்டு மூன்று பழம் காணாமல் போயிற்று. வேலியை உயர்த்தினேன், அப்போதும் போயிற்று. காவலுக்கு உட்கார்ந்தேன், நான் சாப்பிடப் போன நேரத்தில் போயிற்று. திருடன் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்ற எண்ணம் எனக்குள் ஏறிவிட்டது. இப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை காலையில், யோகலட்சுமி வழக்கம்போல ஓட்டமும் நடையுமாக பஸ்ஸைப் பிடிக்கப் போன பிறகு, வாசல்படியில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். யாரோ முத்து முத்தாகக் கையால் எழுதியிருந்தார்கள். தோட்டத்துக்குள் வந்துவிட்டதாகவும், மாதுளையைச் சுவைத்ததாகவும், தேனையும் விடவில்லை என்றும், வேண்டுமானால் சிநேகிதர்களும் வந்து தின்னலாம் என்றும் அதில் ஒருவன் சொல்லியிருந்தான். படிக்கப் படிக்க எனக்கு உச்சி வரை சூடு ஏறியது. திருடியதும் அல்லாமல் திருடியதை எழுதி என் வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான்! தோட்டத்துக்குச் சுவர் இருப்பதாக எழுதியிருந்தது, நம்முடையது முள்வேலி. தேன் என்று எழுதியிருந்தது, நம் தோட்டத்தில் தேன்கூடே கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. திருட்டுப் பயல் மிகைப்படுத்தி எழுதியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ரேசன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள். ஊரில் பாதிப் பேர் கேனோடு வரிசையில் நிற்பார்கள், திருடனும் அதில்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டு நேரே அங்கே போனேன். கடை வாசல் கல்லில் ஏறி நின்று அந்தத் தாளை ஆரம்பம் முதல் கடைசி வரை சத்தமாக வாசித்தேன், மச்சான். எனக்குக் குரல் பெரிது என்பது தங்களுக்குத் தெரியும். வாசித்து முடித்து, "என் தோட்டத்துக்குள்ள வந்தவன் யாருல? ஆம்பளையா இருந்தா முன்னால வாலே! இத்தன நாளா ருசி பாத்ததும் இல்லாம சேக்காளிகளயும் கூப்பிடுதியோ!" என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேலத்தெரு வீரலட்சுமி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. எடை போடுகிற இருளாண்டி கடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க. இது மாதுளம்பழ விசயம் இல்ல."

"பின்ன என்ன, கொய்யாவா?"

"உங்க வீட்டுல வயசுப் பிள்ள இருக்குல்லா?"

"இருக்கா. அவளுக்கும் இதுக்கும் என்ன?"

அவர் என் கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க எனக்கு ஒவ்வொரு வரியாக அர்த்தம் மாறிக்கொண்டே வந்தது. தோட்டம், பழம், தேன், எல்லாம். நான் பெற்ற பிள்ளையைப் பற்றி எவனோ எழுதியதை நானே கல்லில் ஏறி நின்று ஊருக்கு வாசித்திருக்கிறேன். போதாததற்கு அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவர் காரியாபட்டி மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக்காரர். அவர் கேனைக்கூட எடுக்காமல் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்கு மேலாவது நான் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. யோகலட்சுமி வேலை பார்க்கிற திருத்தங்கல் அச்சகத்தில்தான் எழுதியவன் இருப்பான் என்று விருதுநகர் போய், பஸ் மாறி, பதினோரு மணி வெயிலில் அங்கே இறங்கினேன். தீபாவளி லேபிளும் காலண்டரும் இல்லாத இந்த மாதங்களில் அவர்கள் புத்தக ஆர்டர் எடுப்பார்கள், அதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பிழை பார்ப்பதுதான் நம் பிள்ளையின் வேலை. உள்ளே நுழைந்ததும் மேசை மேல் அதே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு கட்டுத் தாள் இருப்பதைப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. நான் வயதைப் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"என் தோட்டத்துக்குள்ள எதுக்குய்யா வந்தீரு? இந்த வயசுல!"

அவர் பயப்படவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஓ, இதைத்தான் காலையில இருந்து தேடிக்கிட்டு இருக்கேன். ஐயா, நீங்க சொல்ற தோட்டம் அழிஞ்சு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சே" என்றார்.

மச்சான், மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. சுற்றி இருபது பேர். யோகலட்சுமி தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். "அப்பா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அவர் பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் ஞானாபரணம். யூதர்களின் பழைய மொழியான எபிரேயத்தில் இருக்கிற காதல் பாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு தாளைத்தான் யோகலட்சுமி பிழை பார்க்க வீட்டுக்கு எடுத்துவந்து, பஸ்ஸுக்கு ஓடின ஓட்டத்தில் வாசலில் தவறவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் பிடித்த சட்டையை அவரே நீவிவிட்டுக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலி போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். "உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க கரிசல்காரரு. அவங்க ஊரும் மழை பாக்காத ஊருதான். கல்லும் புழுதியும். அந்த மாதிரி ஊர்ல ஒருத்தன் ஒரு பெண்ணைப் பாத்து, நீ தண்ணி உள்ள தோட்டம்னு சொல்றான்னா அதுக்கு மேல பெரிய வார்த்தை அவன்கிட்ட இல்ல" என்றார். தோட்டத்துக்கு அவர்கள் சொல்வது 'கன்' என்றும், மாதுளைக்கு 'ரிம்மோன்' என்றும், அவர்கள் பாட்டில் வருகிற ஒரு வாசனைக் கட்டை நம் அகில்தான் என்று சிலர் சொல்வதாகவும் சொன்னார். காதலனுக்கு 'தோத்' என்று பெயராம். அதே சொல் அப்பாவின் உடன்பிறந்தவருக்கும் உண்டாம். நான் பதறிப்போய், "சித்தப்பனையா!" என்று கேட்டுவிட்டேன். "சொல்லு ஒண்ணு, ஆளு வேற" என்று சிரித்தார். இருபது பேரும் சிரித்தார்கள். யோகலட்சுமி சிரிக்கவில்லை.

"அப்ப எதுக்குய்யா சுவரு?" என்று கேட்டேன். ஏதாவது கேட்டால்தான் எழுந்து போகாமல் இருக்கலாம் என்று கேட்டதுதான். "அது அவ தோட்டம்னு சொல்றதுக்கு. அவ திறந்தாத்தான் யாரும் உள்ள போகலாம். ஏறிக் குதிக்கக் கூடாது" என்றார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, ஊருக்கு ஒரு தடவை காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவள் முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால் டயர் மேல் இருக்கிற சீட்டில். ஆமத்தூர் தாண்டும்போதுதான் உறைத்தது, அவர் சொன்ன சுவரை ஏறிக் குதித்தவன் நான் ஒருவன்தான் என்று. நம் ஊரில் இறங்கி அவள் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். தங்கள் தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் போன் செய்து, "இப்ப நாள் சரியில்லங்க, கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்றது மறுநாள் காலையில். இதற்கிடையில் மாதுளையைத் தின்றது அணில் என்றும் தெரிந்துபோயிற்று. நானே கண்ணால் பார்த்தேன். விரட்டக்கூட மனசு வரவில்லை.

வாசித்த இடத்திலேயே சரி செய்வதுதான் முறை என்று அடுத்த தடவை மண்ணெண்ணெய் ஊற்றிய அன்று, அதாவது முந்தாநாள், மறுபடியும் ரேசன் கடைக்குப் போனேன். கல்லில் ஏறவில்லை, கீழேயே நின்றேன். "அன்னைக்கு நான் வாசிச்சது என் மகளுக்கு யாரும் எழுதினது இல்ல. அது எபிரேயம்னு ஒரு பாஷையில ரொம்ப காலத்துக்கு முந்தி யாரோ பாடினது. தப்பு என் மேலதான். எல்லாரும் மன்னிச்சிக்கிடணும்" என்றேன். சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். எவரும் போகவில்லை. "எங்கன பேசுறாக அந்தப் பாஷைய?" என்று ஒருவர். "அங்கயும் மாதுள உண்டோ?" என்று ஒருவர். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி இரண்டு பேர். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் நான் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன், மச்சான். இந்தத் தடவை மெதுவாக, கன் என்றால் இது, ரிம்மோன் என்றால் இது என்று விளக்கத்தோடு. முடித்ததும் வீரலட்சுமி, "அது சரி, அவன் இம்புட்டுப் பேசுதானே, அந்தப் பிள்ள என்ன சொன்னா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் சொல்லலை போலுக்கு" என்றேன்.

"தாளைத் திருப்பிப் பாருங்கப்பா" என்று வரிசையின் கடைசியிலிருந்து சத்தம் வந்தது. யோகலட்சுமி கேனோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. திருப்பினேன். இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நான் பின்பக்கம் பார்க்கவே இல்லை. பின்பக்கம் முழுக்க அந்தப் பெண் பேசியிருந்தாள். காற்றைக் கூப்பிட்டு, என் தோட்டத்தில் வீசு, வாசனை அவனிடம் போகட்டும், அவன் வரட்டும் என்று சொல்லியிருந்தாள். "அவ கூப்பிட்டுத்தான்பா அவன் வந்தான். சும்மா வரலை" என்றாள் நம் பிள்ளை. எட்டு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் அவள் கேனை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே தெரு வழியாக வீட்டுக்கு வந்தோம்.

ஆகவே மச்சான், நம் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு யாரும் எழுதவும் இல்லை, அவளை யாரும் நினைக்கவும் இல்லை. எல்லாம் ஒரு வயதான வாத்தியார் எழுதிய புத்தகம், அவ்வளவுதான். தாங்கள் ஒரு நடை காரியாபட்டிக்குப் போய் இதை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, வைகாசியிலாவது பெண் பார்க்க வரவைக்க வேண்டும் என்று தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நான் போனால் காரியம் கெட்டுவிடும் என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகப்பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, கிடைத்த தாளை இரண்டு பக்கமும் பார்க்கிறவர்களாக வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தலை நிமிராத
ச. பெத்தணன்

பின்குறிப்பு: காரியாபட்டிக்குப் போக வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் யோகலட்சுமியிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். பதினாறு பிழை திருத்தினாள். 'அவளை யாரும் நினைக்கவும் இல்லை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுவும் பிழைதான்பா" என்றாள். அதே அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற அன்பரசன் என்ற பிள்ளையாம். எம். புதுப்பட்டி. தாயும் தகப்பனும் பட்டாசுக் கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அதற்கு மேல் நான் என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. வாய் வரை வந்தது, கேட்க வெட்கமாக இருந்தது. அந்தத் தாளைப் பிழை பார்க்க எடுத்து வரவில்லையாம். அவனிடம் கொடுக்கத்தான் நாலு நாளாகப் பையிலேயே வைத்திருந்தாளாம், தைரியம் வரவில்லையாம். "அந்தப் பையன் அதுக்கு என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "அவருக்கு எங்க தெரியும்பா? மல்லாங்கிணறு முழுக்கக் கேட்டாச்சு, அவரு ஒருத்தர்தான் இன்னும் கேக்கல" என்றாள். தாளை அவளிடமே கொடுத்துவிட்டேன், அவன் பார்த்த பிறகு வாத்தியாரிடம் போய்ச் சேரட்டும். தங்கள் தங்கை காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, தாங்கள் வந்து பேசினால்தான் பேசுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மச்சான், எம். புதுப்பட்டிக்கு ஒரு எட்டுப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம். தனியாகப் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.