கோணூசி அண்ணனும் கத்தரிப்பூச் சேலையும்

மதுரையில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதனாலேயே வேலை சுத்தமாக அமைந்தது கோணூசி அண்ணனுக்கு மட்டும்தான். காளவாசலில் மெத்தை, போர்வை தைக்கும் கடை வைத்திருந்தார். சாக்குத் தைக்கும் முழ நீளக் கோணூசி எந்நேரமும் காதில் செருகியிருக்கும். அவர் பக்கத்தில் போய் யாரும் ரகசியம் பேசியதில்லை.

ஒரு மெத்தையைத் தைத்து முடித்ததும் கண்ணை மூடி, வெறுங்காலால் அதன்மேல் நடப்பார். குதிகாலில் ஒரு பஞ்சுக் கட்டி தட்டுப்பட்டாலும் அத்தனை தையலையும் பிரித்துவிடுவார்.

“முகூர்த்தம் முடிஞ்சு மூணு நாளாச்சுண்ணே” என்று கல்யாண மெத்தைக்காகக் கெஞ்சியவரிடம், “வளைகாப்புக்குள்ள தந்துருவேன்” என்றார்.

எண்பதுகளில் என் தங்கை கல்யாணமாகி டெல்லிக்குப் புறப்பட இருந்தாள். அங்கே குளிர் அதிகம். இறந்துபோன அம்மாவின் சுங்குடிச் சேலைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, போர்வைக்கு மேல்துணி தைத்து அண்ணன் கடைக்கு எடுத்துப் போனேன். நடுவில் பஞ்சு வைத்து அடித்துணியோடு சேர்த்துத் தைப்பது அவர் வேலை. அவர் மேலிருந்து குத்தும் ஊசியை அடியில் வாங்கித் திருப்பிக் குத்துவது என் வேலை. துணி கொண்டுவந்தவர்தான் எதிரே உட்கார வேண்டும், அது கடைச் சட்டம்.

கண்ணை மூடித் துணியைத் தடவினார். ஒரு கட்டத்துத் துணியின்மேல் கை நின்றது.

“இது அம்மா கட்டுனதில்லையே.”

அந்தக் கட்டத்துக்கு மட்டும் புதுச் சுங்குடி வாங்கி, நாலு தடவை துவைத்துப் பழசாக்கியிருந்தேன்.

“சேலை தீந்துபோச்சுண்ணே.”

“தீந்திருந்தா ஒரு வரிசையக் கொறச்சிருப்ப. இம்புட்டுத் துவைச்சிருக்க மாட்ட. ஒண்ண ஒளிச்சு வச்சிருக்க.”

உண்மைதான். அம்மா கடைசியாக உடுத்திய கத்தரிப்பூ நிறச் சேலை என் பெட்டியில் இருந்தது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. தங்கைக்கு மூன்றாம் நாள் ரயில். அண்ணனோ அந்தச் சேலை வராமல் ஊசியைத் தொட மறுத்துவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன்.

இடுப்பில் செருகும் உள்முந்தியில் மட்டும் ஒரு சாண் வெட்டி, புதுத்துணி இருந்த கட்டத்தில் வைத்தார். இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். போர்வையின்மேல் நடந்து பார்த்தார். ஒரு கட்டிகூட இல்லை.

மீதிச் சேலையை மடித்து என் கையில் கொடுத்தார்.

“நீயே வச்சுக்க தாயி. மதுரையில இருக்கவளுக்கும் குளிரும்ல.”

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லாத குறை அன்றைக்குத் தீர்ந்தது.