சம்பந்தி வீட்டு வீடியோ கேம்

"ஏங்க, இது கண்ணைத் தொறக்க மாட்டேங்குது," என்றாள் தையல்நாயகி.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த லோகநாதன் பதறிப்போய் நிமிர்ந்தார். மனைவியின் கையில் இருந்தது பூனைக்குட்டியும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. வீடியோ கேம். உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் கண்ணாடிக்கு நடுவில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம், பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பொட்டு. தலையில் ஒரு சாமந்திப் பூ வேறு.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நேத்து ஆயுத பூஜை இல்லீங்களா? சைக்கிள், மிக்ஸி, தையல் மிஷின், அரிவாமணை, எல்லாத்துக்கும் வச்சேன். சம்பந்தி வீட்டுப் பொருளை மட்டும் ஒதுக்கி வச்சா நல்லாவா இருக்கும்?"

சம்பந்தி என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் குரோம்பேட்டையிலிருந்து வந்து மகள் பொன்னியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை ராஜகோபாலுக்கு பேங்க் உத்தியோகம். அவன் அப்பா தட்சிணாமூர்த்தி ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூடவே மாப்பிள்ளையின் அக்கா மகள், சின்னக் குழந்தை. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முறைப்படி உள்ளே போயின. "நாலு நாள்ல சொல்லி அனுப்பறோம்" என்று கும்பிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகு பார்த்தால், நாற்காலியில் இந்த வீடியோ கேம் கிடந்தது.

வந்தது முதல் போகிறவரை அந்தக் குழந்தை அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. "என்ன அடக்கமான குழந்தை! வளர்ப்புன்னா இது," என்று தையல்நாயகி உருகிப்போனாள்.

"பொருளை வச்சிட்டுப் போனா திரும்பி வருவாங்கன்னு அர்த்தம்," என்றார் லோகநாதன். பெண்ணைப் பெற்றவனுக்குக் காக்கா கத்தினாலும் சகுனம், கத்தாவிட்டாலும் சகுனம்.

பொன்னி தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு வந்த வரன்களில் ஒன்றுக்குச் செவ்வாய் இடித்தது. ஒன்றுக்கு உயரம் இடித்தது. ஒன்று முடிச்சூரில் இவர்கள் குடியிருந்த மனையையே கேட்டது. ராஜகோபாலுக்கு எதுவும் இடிக்கவில்லை. அதைவிட முக்கியம், காபி கொடுக்கும்போது அவன் மெதுவாக ஏதோ சொல்ல, பொன்னி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை லோகநாதன் பார்த்துவிட்டார். மனுஷனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. எப்படியாவது இந்த இடம் முடிந்துவிட வேண்டும் என்று பல்லாவரம் மலைக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வீடியோ கேம் கண்ணை மூடிக்கொண்டால்?

"அப்பா, அது முன்னாடியே கெட்டுப் போயிருந்தா?" என்றாள் பொன்னி.

"வாயைக் கழுவு! மாப்பிள்ளை வீட்டுச் சாமானைக் கெட்டுப்போனதுன்னு சொல்ற வாய், நாளைக்கு மாப்பிள்ளையையே சொல்லும்."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே."

"பொண்ணு வீட்டுக்காரன் போன் பண்ணி, 'உங்க சாமான் ஓடுமா ஓடாதா'ன்னு கேக்கறதா? நாளைக்கு ஊர்ல தலை காட்ட முடியுமா?"

கேட்கக் கூடாத கேள்விகள் பெண் வீட்டுக்கு நிறைய உண்டு என்று பொன்னிக்கும் தெரியும்.

முதல் வைத்தியத்தை லோகநாதனே செய்தார். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை, இடுக்கு வழியாகக் கண்ணாடிக்கு அடியில் இறங்கி, அங்கே சௌகரியமாகப் பரவி உட்கார்ந்துகொண்டது.

"ஐயையோ, ரத்தம் கட்டின மாதிரி இருக்கே!" என்றாள் தையல்நாயகி.

"கத்தாதே. பேட்டரி வீக்கா இருக்கும். டார்ச் லைட் பேட்டரியை வெயில்ல வச்சா ஏறுதில்ல? அந்த மாதிரிதான்."

பேட்டரியை எடுக்கலாம் என்று பார்த்தால் மூடி திறக்கவில்லை. வெல்லப்பாகு ஊற்றி ஒட்டியதுபோல இறுகிக் கிடந்தது. அதனால் வீடியோ கேமை முழுசாகவே மொட்டை மாடியில், காய வைத்த வடாமுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடிக்கிற வெயில் லேசுப்பட்டதா? சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வடாம் நன்றாகக் காய்ந்திருந்தது. வீடியோ கேமின் கண்ணாடி அடுப்பில் வைத்த சட்டியாய்க் கறுத்துப்போயிருந்தது.

"இப்ப குங்குமம் தெரியல பாரு," என்றார் லோகநாதன். நல்லதை முதலில் பார்ப்பது அவர் சுபாவம்.

இரண்டாவது வைத்தியத்துக்குத் தையல்நாயகியின் தம்பி கிட்டு வந்தான். தபால் மூலம் ரேடியோ மெக்கானிசம் படித்தவன். பாதிப் பாடத்தோடு தபால் நின்றுபோயிற்று. தைரியம் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு மேட்டரா மச்சான்?" என்று தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரை வாங்கினான். மூடியை நெம்பினான். உள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய் ரசத்தில் விழுந்தது. ரப்பர் ஒன்று கட்டிலுக்கடியில் ஓடியது. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, கழுவி, துடைத்து, புது பேட்டரி போட்டு மூடினான். தரையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தது.

"இது எங்க மாட்டறதுடா?" என்றார் லோகநாதன்.

"ஜப்பான்காரன் எக்ஸ்ட்ராவா ஒண்ணு போட்டிருப்பான், விடுங்க." கிட்டு ஸ்விட்சைத் தட்டினான்.

வீடியோ கேம் பாட ஆரம்பித்தது. கறுத்த கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பாட்டு வந்தது. டிங்கிடி டிங்கிடி டிங். ஸ்விட்சை அணைத்தார்கள். நிற்கவில்லை. தட்டினார்கள். இன்னும் வேகமாகப் பாடியது. நெம்பின மூடியைக் கிட்டு அமுக்கின அமுக்கில், அது மறுபடி திறக்கவும் மறுத்துவிட்டது.

அப்போதுதானா பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்ட வேண்டும்? "பொன்னி அப்பா, உங்களுக்கு போன்! குரோம்பேட்டையிலேர்ந்து!"

அந்தத் தெருவுக்கே கங்கையம்மாள் வீட்டு போன்தான். லோகநாதன் கையிலிருந்ததைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடினார். போனை எடுத்த பிறகுதான் கையிலேயே அது பாடிக்கொண்டிருப்பது உறைத்தது. சட்டைக்குள் போட்டு அமுக்கிக்கொண்டார்.

"வணக்கம் சார், தட்சிணாமூர்த்தி பேசறேன். குழந்தை ஒரு வீடியோ கேமை அங்க வச்சிட்டு வந்துடுச்சு போல."

"ஆமா சார், பத்திரமா இருக்கு." டிங்கிடி டிங்கிடி.

"அது என்ன சத்தம்?"

"அ... அதுதான் சார். சும்மா... ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடுதா?" என்றது குரல். லோகநாதனுக்கு அது அதட்டலாகவே கேட்டது. "சத்தமெல்லாம் வருதா?"

"எங்க வீட்டுல யாரும் தொடல சார். சத்தியமா."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. நம்ம விஷயமும் பேசிடலாம்."

நம்ம விஷயம்! லோகநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது; சட்டைக்குள் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது வைத்தியம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், அசரியாவின் டிவி ரிப்பேர் கடையில். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், ஆனால் காசு போகிற வழியை நம் ஜனங்கள் கடைசியில்தானே யோசிப்பார்கள்.

அசரியா பெட்டியைப் பிளந்து, மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள மொத்தம் பச்சை பூத்துக் கெடக்குது. பேட்டரி தண்ணி வுட்டு எவ்ளோ நாளாச்சு?"

"நாலஞ்சு நாள்தாங்க."

"நாலஞ்சு நாளா? நாலஞ்சு மழைக்காலம்னு சொல்லு, ஒத்துக்குறேன்."

லோகநாதனுக்கு அவமானமாகப் போயிற்று. அவர் வீடு வயலைத் தூர்த்து மனை போட்ட இடம், சுவரெல்லாம் ஓதம்; அதற்காக ஒரு வாரத்துக்குள்ளேயா பச்சை பூக்கும்? "எங்க வீட்டுல கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "சந்தனம் வேற வச்சிட்டாங்க."

"சந்தனம் பாவம், மேலாக்க கீது. அது ஒண்ணும் பண்ல."

மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார், நல்ல மனுஷன் என்று லோகநாதன் நினைத்துக்கொண்டார்.

"போர்டும் அவுட்டு, ஸ்க்ரீனும் அவுட்டு சார். இதே மாதிரி இன்னொண்ணு வாங்கியா. உள்ள இருக்கறத எடுத்து இதுல மாத்திடறேன்."

லோகநாதன் லீவு போட்டு, மின்சார ரயிலேறி, பர்மா பஜார் முழுக்கச் சல்லடை போட்டு, அதே மாதிரி ஒன்றைப் பிடித்துவிட்டார். ஒரே ஒரு வித்தியாசம்தான். அது மஞ்சள் நிறம். தீபாவளி அட்வான்ஸ் அங்கேயே கரைந்தது.

அசரியா புதுசைத் தட்டிப் பார்த்தார். கட்டங்கள் அழகாக விழுந்தன. "ஷோக்கா கீதே சார்! இத்தயே குடுத்துட்டுப் போயேன். எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஐயோ, நிறம் மாறினா கெடுத்துட்டோம்னு தெரிஞ்சுடுமே! உள்ளே புதுசு, வெளியே பழசு. அப்படித்தான் வேணும். பின்னால ஒரு கீறல் இருக்கு பாருங்க, அது அப்படியே இருக்கணும்."

"இத்தினி வருசத்துல புதுச ஒடச்சிப் பழசாக்கித் தான்னு கேட்ட ஆள் நீதான் சார்," என்று சொல்லிவிட்டு அசரியா வேலையை ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, பையில் பழம், பூ, நடுவில் வீடியோ கேம். கிளம்பும்போது பொன்னி வாசல்வரை வந்தாள். "என்ன சொன்னாலும் வாடிடாதீங்கப்பா," என்றாள். லோகநாதன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார்.

தட்சிணாமூர்த்தியின் வீடு அவருக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. சுவர்க் கடிகாரம் பழசு, மின்விசிறி பழசு, ரேடியோ பழசு. ஆனால் ஒவ்வொன்றும் நேற்று வாங்கியதுபோல ஓடிக்கொண்டிருந்தது. பொருளைப் பேணத் தெரிந்த குடும்பம், பொன்னி கொடுத்து வைத்தவள்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோ கேமை வாங்கினார். ஸ்டோரில் சரக்கு வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். இடது, வலது, மேலே, கீழே. கட்டங்கள் சொன்னபடி விழுந்தன. டிங்கிடி டிங் என்றது.

"இங்க வந்து பாரேன்," என்று உள்ளே குரல் கொடுத்தார். "சத்தங்கூட வருது!"

மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்தாள். மோவாயில் கை வைத்து, "நெசமாவே!" என்றாள்.

அப்பாடா! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று லோகநாதன் மூச்சு விட்டார்.

"நல்ல குடும்பம் சார் உங்களுது. அடுத்தவங்க பொருளை மதிக்கிற குடும்பம்," என்றார் தட்சிணாமூர்த்தி.

"அப்ப நம்ம விஷயம்..."

"நாலு நாள்ல சொல்லி அனுப்பறோம்."

போன தடவையும் இதேதான் சொன்னார்கள். ஆனாலும் இந்தத் தடவை குரலில் ஒரு குழைவு இருந்ததாக லோகநாதனுக்குப் பட்டது. கும்பிட்டுவிட்டு, கால் தரையில் படாமல் வெளியே வந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றிய எதையோ இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவருக்கும் வெள்ளை வேட்டி, விபூதி, கையில் பழப்பை.

"தட்சிணாமூர்த்தி சார் வூடு இதானே சார்?"

"ஆமா. நீங்க?"

"பல்லாவரம் சார். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எம் பொண்ணைப் பாக்க வந்தாங்க. பொண்ணு பாட்டை ரெக்கார்டு பண்ணணும்னு டேப் ரெக்கார்டர் எடுத்தாந்துட்டு, மறந்து வச்சிட்டுப் போய்ட்டாங்க." அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா? எம் பொண்ணு மேல்ஸ்தாயில இழுத்ததுல மோட்டார் போய்ட்ச்சு. கமுக்கமா புது மோட்டார் போட்டுக் கொண்டாந்துகிறேன். உள்ள சொல்லிடாதீங்க சார்."

லோகநாதனுக்குக் கால் தரையில் பட்டது. எதிர்ப்புறப் பெட்டிக்கடை நிழலில் இன்னொரு வெள்ளை வேட்டி, விபூதி, பழப்பை உட்கார்ந்திருந்தது.

"அவரு யாருங்க?" என்றார் மெல்ல.

பல்லாவரத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "அவராண்டதான் சார் இம்மா நேரம் பேசிக்கினு இருந்தேன். அவரும் பொண்ணு வூடுதான். குடை."