சகலைக்குப் பொறுக்கிய பொய்யிரை

மாமனாரின் முழங்காலை நம்பியதுதான் ஹாஸ்கல் செய்த முதல் தப்பு.

"முட்டி வலிச்சாதான் மழை. முட்டி சும்மா கிடக்கு. நாளைக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் பாரு" என்று முந்தின நாள் சாயங்காலம் கிழவர் அடித்துச் சொல்லியிருந்தார். விடிந்ததும் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், ஸ்டோனி ஃபோர்க் ஆறு பால் விட்ட காபி நிறத்தில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்திருக்கிறது. ஹாஸ்கல் வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினான்.

"கதவு என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்றார் மாமனார் ஓக்லி, இறங்காமலே.

"முட்டி வலிக்கலைன்னு சொன்னீங்களே!"

"இப்பவும் வலிக்கலையே. முட்டிக்கு வயசாயிடுச்சு போல."

ஹாஸ்கலுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. காரணம் இல்லாமல் இல்லை. மாமியார் போன பிறகு, கிழவரைத் தனியாக விடக்கூடாது என்று இரண்டு மகள்களும் சொல்லிவிட்டார்கள். மூத்தவள் ரோடா, ஹாஸ்கலின் மனைவி. இளையவள் லொரீன், அவள் புருஷன் வெர்லின் குரூஸ். யார் வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தபோது ஓக்லியே ஒரு வழி சொன்னார். "உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேணாம். ஆறு முடிவு பண்ணட்டும். எனக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான்."

அதன்படி வருடா வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து நடுப்பகல் வரை மருமகன்கள் இருவரும் தூண்டில் போட வேண்டும். பிடிக்க வேண்டியது பாஸ் மீன். மலையாற்றில் கிடப்பது வாய் சிறுத்த ஜாதி என்பதால் ஊரில் எல்லாருக்கும் அது சின்னவாயன். நீளமான சின்னவாயனைப் பிடித்தவன் தப்பித்தான். தோற்றவன் வீட்டில் கிழவர் ஒரு வருடம் இருப்பார். இரண்டு வீடும் ஒன்றுதான் என்று சொன்ன மனிதரைவிட நல்ல நடுவர் கிடைக்கமாட்டார் என்பதால், அளக்கும் பலகையும் கைக்கடிகாரமும் ஓக்லியிடமே இருந்தன.

போட்டியில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. அதையும் அவர்தான் போட்டார். மீனை ஏமாற்றும் பொய்யிரையைத் தனக்குத்தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. எதிராளிதான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஊரில் எவனும் தன் பொய்யிரையின் ரகசியத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். ரகசியம் இருக்கும்வரை சந்தேகமும் இருக்கும் என்பது கிழவரின் வாதம். முதல் இரையை முந்தின நாளே நடுவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போட்டி நடக்கும்போது எதிராளியின் இரையை மூன்று தடவை மாற்றலாம். தன் இரையை மாற்று என்று கெஞ்சலாம், அவ்வளவுதான்.

மூன்று வருடமாக ஹாஸ்கல்தான் தோற்றுக்கொண்டிருந்தான்.

மூன்று வருடமாகக் கிழவர் அவனுடைய சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, அவனுடைய காபிக் கோப்பையில் புகையிலைச் சாறு துப்பிக்கொண்டு, கோழிகூடக் கண் திறக்காத நேரத்தில் ரேடியோவில் வானிலை அறிக்கையை அலறவிட்டுக்கொண்டிருந்தார். ரோடா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் பன் மாதிரியான பிஸ்கட்டும் அதன்மேல் ஊற்றக் குழம்பும் செய்வது ஹாஸ்கல். சாப்பிடுமுன் ஜெபத்தில் கிழவர் ஒரு வரி சேர்ப்பார்: "கர்த்தாவே, இந்தக் குழம்பைச் செய்தவனையும் மன்னியும்." ஹாஸ்கல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்துவான். கிழவர் பதிலுக்குக் கத்துவார். அதற்குப் பிறகு இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிடுவார்.

"இந்த வருஷம் மட்டும் நான் தோத்தேன்னா, வீட்ட உங்களுக்கு விட்டுட்டு நான் மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுவேன்" என்றான் ஹாஸ்கல், மடக்கு நாற்காலியைக் கரையில் விரித்தபடி.

"போகலாம். ஆனா மாடாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு பாக்கறேன்" என்றார் ஓக்லி.

அதற்குள் வெர்லினும் லொரீனும் வந்து சேர்ந்தார்கள். லொரீன் வறுத்த கோழியையும் உருளைக்கிழங்கு சாலட்டையும் இறக்கினாள். வெர்லின் வழக்கம்போல் சிரித்தான். ஹாஸ்கலுக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள் அந்தச் சிரிப்பு. எதைச் சொன்னாலும் சிரிப்பான், எவன் திட்டினாலும் தலையாட்டுவான்.

"சகல, நல்லா இருக்கீங்களா?"

"ஆத்தப் பாத்துட்டு அப்புறம் கேளு."

கிழவர் முந்தின நாள் வாங்கி வைத்த இரைகளை எடுத்துக் கொடுத்தார். வெர்லின் தன் சகலைக்குத் தேர்ந்தெடுத்தது பழுப்பு நிறத்தில் ஓடை இறால் மாதிரி செய்த ஓர் அழகான இரை. கடையில் இருப்பதிலேயே உசத்தி. தண்ணீர் தெளிந்திருந்தால் ஹாஸ்கல் தனக்கே அதைத்தான் வாங்கியிருப்பான். ஆனால் காபி நிறத் தண்ணீரில் காபி நிற இறாலை எந்த மீன் பார்க்கும்?

ஹாஸ்கல் வெர்லினுக்குத் தேர்ந்தெடுத்ததோ கிளிப்பச்சையும் மஞ்சளும் கலந்து, கரண்டி அகலத்தில் இரண்டு தகடு சுழலும் ஒரு பூதம். தெளிந்த தண்ணீரில் அதைப் போட்டால் சின்னவாயன் பயந்து அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிடும் என்பது கணக்கு. கலங்கிய தண்ணீரிலோ கண்ணுக்குத் தெரியக்கூடியது அது ஒன்றுதான்.

"வெர்லின், என்னோடத மாத்து!"

"ஏன் சகல? நல்லதாச்சே. மூணு வாரமா அலைஞ்சு பொறுக்கினேன்" என்று வெர்லின் பரிதாபமாகக் கிழவரைப் பார்த்தான்.

"அதைவிட நல்லது உன்கிட்ட இருக்கா மாப்ள?" என்றார் ஓக்லி.

"இல்லைங்களே மாமா."

"அப்புறம் என்ன? இருக்கட்டும்."

வெர்லின் வீசின ஐந்தாவது வீச்சில் கம்பு வளைந்தது. கிழவர் பலகையில் மீனைக் கிடத்தி, "பன்னெண்டு அங்குலம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்து, ஆற்றில் விட்டார்.

"மாத்தறேன்!" என்று ஹாஸ்கல் கரைக்கு ஓடிவந்து இரைப் பெட்டியைக் கவிழ்த்தான்.

கிழவர் எட்டிப் பார்த்தார். "கறுப்பை மட்டும் குடுத்துடாத மாப்ள. கலங்கின தண்ணியில கறுப்புதான் நல்லாத் தெரியும்."

கலங்கிய தண்ணீரில் கறுப்பு தெரியுமாம்! முழங்காலை வைத்து மழை சொன்ன ஆள் இப்போது கண்ணுக்கும் வைத்தியம் பார்க்கிறார் என்று ஹாஸ்கலுக்கு எரிந்தது. இருந்ததிலேயே கறுப்பானதாக, தார் நிறத்தில் ஒரு ரப்பர் புழுவை எடுத்து வெர்லின் கையில் திணித்தான்.

பதினான்கு அங்குலம்.

"சொன்னேனா இல்லையா?" என்றார் ஓக்லி. "பெரியவங்க சொன்னா மண்டையில ஏறாது."

"சொல்ற விதத்துல சொன்னா ஏறும்!"

"எந்த விதத்துல சொன்னாலும் உனக்கு ஏறாது. உன் மண்டையில கதவு வெளியில பாத்துத் தொறக்குது."

ஹாஸ்கல் பல்லைக் கடித்துக்கொண்டான். வெயில் ஏறிவிட்டது. அவனுடைய பழுப்பு இறாலை இதுவரை விரல் நீளத்தில் ஒரு குஞ்சு மட்டும் முகர்ந்து பார்த்திருந்தது. அகங்காரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கிழவரிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான். நாற்பது வருடம் இதே ஆற்றில் நின்ற மனிதர். கறுப்பு விஷயத்தில் உண்மையைத்தானே சொன்னார்!

"சரி மாமா. இப்ப நீங்களே சொல்லுங்க. எதைக் குடுத்தா மீன் திரும்பிக்கூடப் பாக்காது?"

ஓக்லி தாடையைச் சொறிந்தார். தண்ணீரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "அந்த வெள்ளைப் பொடிசு. விரல் நீளம்கூட இல்ல பாரு. இந்தத் தண்ணியில அது எங்க எடுபடும்?"

ஹாஸ்கல் வெள்ளைப் பொடிசைக் கொடுத்தான். வெர்லின் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கிழவர், "வெயில் உனக்கு ஆகாது மாப்ள, அந்த ஓடை வந்து சேர்ற பக்கம் நிழல் இருக்கு, அங்க நில்லு" என்று அக்கறையாகச் சொன்னார். ஓடைத் தண்ணீர் பளிங்காக இறங்கி வந்து ஆற்றில் கலக்கும் இடம் அது. குஞ்சு மீன்கள் வெள்ளை வெள்ளையாக அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் தின்ன வந்தவன் வெர்லினிடம் மாட்டினான்.

"பதினாறரை! நான் நினைச்சது தப்பாப் போச்சு மாப்ள. மனுஷன்னா தப்பு வரத்தானே செய்யும்?"

"பேச்சைக் கேக்கலைன்னாலும் தோக்கறேன், கேட்டாலும் தோக்கறேன்!" ஹாஸ்கலின் குரல் எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பி வந்தது. "இனிமே நீங்க வாயத் தொறக்கக் கூடாது!"

"நடுவரை வாய மூடச் சொல்றான், கேட்டியா லொரீன்? ரெண்டு கோழித்துண்டு எடு. எனக்குப் பசி வந்துடுச்சு."

மிச்சம் ஒரே ஒரு மாற்று. ஹாஸ்கல் யாரையும் கேட்கவில்லை. பெட்டியின் அடியில் முள் துருப்பிடித்துக் கிடந்த, மரத்தில் செதுக்கிய தவளை இரையை எடுத்தான். அவன் தாத்தா காலத்துச் சாமான். ஒரு கால் கிடையாது, வயிற்றுச் சாயம் உரிந்துவிட்டது, தண்ணீரில் போட்டால் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். எந்த மீனுக்கும் அதைப் பார்த்தால் இரக்கம்தான் வரும்.

வெர்லின் அதையும் சிரித்துக்கொண்டே கட்டினான். முதல் வீச்சே கோணிக்கொண்டு போய், தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த மரக்கிளையில் சுற்றிக்கொண்டது. தவளை அந்தரத்தில் தொங்கியது. ஹாஸ்கலுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"ஆட்டிப் பாரு மாப்ள, விழுந்துடும்" என்றார் ஓக்லி, வாய் நிறையக் கோழியோடு.

வெர்லின் ஆட்டினான். தவளை தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. மூன்றாவது தடவை அது தொட்டபோது தண்ணீர் பிளந்து, வெண்கல நிறத்தில் ஒன்று ஆகாயத்துக்கு எழும்பித் தவளையைக் கவ்வியது. கிளை ஒடிந்தது. மீன், கிளை, வெர்லின் மூன்றும் சேர்ந்து ஆற்றில் விழுந்தன.

பத்தொன்பது அங்குலம்.

ஹாஸ்கல் தன் கம்பை எடுத்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்தப் பழுப்பு இறாலைப் பாறை இடுக்குகளில் வெறிபிடித்தவன் மாதிரி வீசிக்கொண்டே இருந்தான். இன்னொரு வருடம் அந்த ரேடியோ. இன்னொரு வருடம் அந்த ஜெபம். நினைக்க நினைக்க அழுகையே வரும் போலிருந்தது. ஆனால் நடுப்பகல் நெருங்க நெருங்க ஆறு தெளிய ஆரம்பித்தது. கூழாங்கற்கள் தெரிந்தன. தெளிந்த தண்ணீருக்கென்றே செய்த இரை அல்லவா அவன் கையில் இருப்பது?

பெரிய பாறைக்குப் பின்னால் இறால் இறங்கியது. கம்பு அப்படியே வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் ஒரு தரம் எகிறிக் குதித்துத் தன்னைக் காட்டியது. கரையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இருபதுக்குக் குறையாது.

"விடாதீங்க சகல! விடாதீங்க!" என்று வெர்லின் தொண்டை கிழியக் கத்தினான். லொரீன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். 'நடிக்கறதப் பாரு' என்று ஹாஸ்கல் மனதுக்குள் கறுவினான். மீன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

"பாம்பு! மாப்ள, பின்னால பாம்பு!" என்று அலறினார் ஓக்லி.

ஹாஸ்கல் துள்ளித் திரும்பினான். பாம்பு இல்லை. மிதந்து போகும் ஒரு குச்சிதான் இருந்தது. தூண்டில் நரம்பு தொய்ந்தது. சின்னவாயன் வாலால் ஒரு அறை அறைந்து, அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போய்விட்டது.

"குச்சியா அது? கண்ணும் போயிடுச்சு போ" என்று சொல்லிவிட்டுக் கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமும் ஆயிடுச்சு."

அதற்குப் பிறகு ஹாஸ்கல் பேசியதை முழுதாக எழுத முடியாது. முழங்காலில் ஆரம்பித்தான், கண்ணுக்கு வந்தான், கோப்பை, ரேடியோ, நாற்காலி, குழம்பு என்று ஒன்று விடாமல் திட்டினான். தூண்டில் கம்பை முழங்காலில் வைத்து உடைத்தான். தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தான். ஓக்லி ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பதில் கொடுத்தார். அவர் கன்னம் சிவந்து, கண் பளபளத்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். வெர்லின் மட்டும் ஈரச் சட்டையோடு ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஜெயித்தவன் போலவே இல்லாமல் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

கடைசியில் ஹாஸ்கல் மடக்கு நாற்காலியைத் தூக்கி வண்டியில் எறிந்தான். கிழவர் முன் இருக்கையில் ஏறி, கேட்காமலே ரேடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மிச்சக் கோழியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு லொரீன் ஜன்னல் பக்கம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உனக்கென்னம்மா அழுகை?" என்று ஹாஸ்கல் எரிந்து விழுந்தான். "ஜெயிச்சது நீங்கதானே!"

லொரீன் அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குன்னு ரூம் கட்டி வெச்சுக்கிட்டு நாங்களும் மூணு வருஷமா எப்படியாவது தோத்துடணும்னுதான் அத்தான் வர்றோம், அப்பாதான், 'வெர்லினை எவ்வளவு திட்டினாலும் சிரிக்கிறான், உங்க வீட்டுல நான் ஆறு மாசத்துல செத்துடுவேன், ஹாஸ்கல் தோக்கறதுக்கு நான் பொறுப்பு'ன்னு கறாரா சொல்லிட்டாரு."