வானத்துக்கு வாடகை

"இனிமே இந்த வீட்ல வானத்துக்கு வாடகை கிடையாது!"

தேநீர்க் கிண்ணத்தை மேசைமேல் ஓங்கி வைத்துவிட்டு கெங்கேஷ் இப்படி அறிவித்த காலையில், கொச்கோர் ஊரில் குளிர் மைனஸ் இருபத்தைந்து. அவர் மனைவி உல்ஜான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வானம் யாருது? கடவுளுது. அதுலேருந்து வர்ற படத்துக்கு மாசாமாசம் சந்தா கட்டுறவன் மடையன். நான் நிறுத்திட்டேன். இன்னியோட சரி."

"சரிங்க" என்றாள் உல்ஜான்.

கெங்கேஷ் வைத்த கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடக் குடும்பத்தில் அவள் ஒரே சொல்லில் 'சரிங்க' என்று முடித்தது மூன்று முறை. மூன்று முறையும் கடைசியில் மன்னிப்புக் கேட்டது அவர்தான்.

சந்தாவெல்லாம் சாக்கு. உண்மைக் காரணம் நாலு மணித் துருக்கித் தொடர். தினமும் அந்த ஒரு மணி நேரம் வீடு அநாதை. கெங்கேஷ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதென்றாலும் விளம்பர இடைவேளை பார்த்துத்தான் விழ வேண்டும். சந்தாவை நிறுத்தினால் தொடர் போகும், சூடான தேநீர் திரும்பி வரும். இந்தக் கணக்கை அவர் வெளியே சொல்லவில்லை. வானத்துக்கு வாடகை என்ற வசனத்தை மட்டும் ஊரெல்லாம் சொன்னார். சம்பந்தி மாம்பெட்டுக்குப் போன் போட்டும் சொன்னார். அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா என்றால் இல்லை.

"ஞாயித்துக்கிழமை கோக்-போரு கடைசி ஆட்டம், சம்பந்தி! உங்க சின்னப் பையன் விளையாடுறான். கணவாய் பனியில மூடிக் கெடக்கு, மைதானத்துக்குப் போக முடியாது. நேரா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. சந்தா இல்லாமலே பளிங்கு மாதிரி காட்டுறேன்!"

அந்த ஞாயிறு இதுதான். ஆட்டம் நாலு மணிக்கு. இரண்டு அணிக் குதிரைக்காரர்கள் ஒரு தலையில்லாத ஆட்டுக்காகக் கட்டிப் புரளப் போகிறார்கள். கெங்கேஷுக்கோ தலையுள்ள ஆடுதான் கவலை. போன இலையுதிர் காலத்தில் மகன் கல்யாணத்தில், பெண்ணைக் கொடுத்த மாம்பெட்டுக்கு மரியாதையாக வைக்க வேண்டிய ஆட்டுத்தலையை யாரோ அவசரக்குடுக்கை தூக்கி நகரத்துச் சித்தப்பா முன்னால் வைத்துவிட்டான். மாம்பெட் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு இன்றுதான் வாசல் மிதிக்கிறார். இன்றும் மரியாதை குறைந்தால் உறவு அவ்வளவுதான். நினைக்கும்போதே கெங்கேஷுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

"தலை எடுத்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேங்க. நம்ம அடுப்பு புகையுது. கறிய ஜிபெக் வீட்டு அடுப்புல வேக வச்சுக்கிறேன்."

ஜிபெக் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் பெய்ஷென் இரண்டு வருடமாக இலவச டிஷ்தான் வைத்திருக்கிறார். அவரை 'ஓசித்தட்டு' என்று ஊரே கூப்பிடுகிறது. பெயர் வைத்தது கெங்கேஷ். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை.

உல்ஜான் பாதி வெந்த கறிக் கொப்பரையை மெத்தையில் சுற்றிச் சறுக்குவண்டியில் ஏற்றினாள்.

"அது என் மெத்தையாச்சே?"

"கறி ஆறக் கூடாதுல்ல? கைக்கு அதுதாங்க கெடைச்சுது."

சறுக்குவண்டி போயிற்று. கெங்கேஷ் சந்தையில் வாங்கிய, இலவசச் சேனல் காட்டும் புது செட்டாப் பெட்டியை எடுத்தார். சந்தைக்காரன் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 'டிஷ்ஷைக் கொஞ்சம் மேற்கே திருப்புங்க.' 'கொஞ்சம்னா எவ்வளவு?' 'டிவி சொல்லும்.' பெட்டிக்குள் மடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. கெங்கேஷ் அதைத் தொடவில்லை. ஒரு டிஷ்ஷைத் திருப்பப் படிப்பு எதற்கு? திரும்பி வந்த உல்ஜான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"நீங்க கூரைக்குப் போங்க. நான் டிவி முன்னாடி உக்காந்து சொல்றேன்."

மணி ஒன்று. ஏணியில் ஏறினார். கூரை முழுக்கப் பனி. கழுகு மூக்கில் உட்கார்ந்தாலும் தெரியாத குளிர். ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. நட்டைத் தளர்த்தி டிஷ்ஷை மேற்கே ஒரு விரல்கடை நகர்த்தினார்.

"வந்துச்சா?"

"வரலங்க!"

இன்னொரு விரல்கடை.

"இப்போ?"

"வரலங்க!"

"நல்லாப் பாத்துச் சொல்லு!"

"நல்லாப் பாத்துதாங்க சொல்றேன், வரல!"

ஒரு ஜாண் ஆயிற்று. மணி இரண்டு. மாம்பெட்டின் கார் இந்நேரம் கிளம்பியிருக்கும். காற்று கெங்கேஷின் உரோமத் தொப்பியைப் பிடுங்கி முற்றத்தில் போட்டது. எடுக்க இறங்கினால் நேரம் போகும். தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டார்.

"இப்பவாவது வந்துச்சா?"

"எதுவும் வரலங்க. இன்னும் மேற்கே!"

"ஏய், கொஞ்சம்னுதான சொன்னான் அவன்? இது பெய்ஷென் வீட்டுப் புகைபோக்கியப் பாத்துக்கிட்டு நிக்குது!"

"அவன் சொன்ன கொஞ்சம் அவன் ஊர்க் கொஞ்சமா இருக்கும். திருப்புங்க!"

மணி மூன்று. கெங்கேஷுக்குக் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மனத்தில் ஆட்டுத்தலை வந்து நின்றது. இருட்டுத் திரை முன்னால் மாம்பெட் உட்கார்ந்திருப்பதும், தேநீரைப் பாதியில் வைப்பதும் கண்ணெதிரே தெரிந்தன. பயத்தில் டிஷ்ஷை ஒரு தட்டுத் தட்டினார். அந்த வேகத்திலேயே டிஷ் ஒரு மயிரிழை நகர்ந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுங்க! தொடாதீங்க! மூச்சு விடாதீங்க!"

"படம் தெளிவா இருக்கா?"

"கண்ணீர் கூடத் தெளிவாத் தெரியுதுங்க!"

கோக்-போருவில் என்ன கண்ணீர் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நட்டை இறுக்கினார். காற்று விடவில்லை, டிஷ்ஷை ஆட்டியது.

"போச்சு! திரும்ப வந்துடுச்சு! ஏங்க, நாலு மணிக்கு ஆட்டம் நடக்குறப்ப ஆடுச்சுன்னா மானம் போயிடும். தண்ணி தரவா?"

கொச்கோரில் குளிர்காலத்தில் கதவு ஆடினால் யாரும் ஆணி தேட மாட்டார்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும், அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். மனைவியின் சமயோசிதத்தை நினைத்து கெங்கேஷ் உருகிப்போனார். அவர் உருகினாரே தவிர, உல்ஜான் ஏணியில் ஏறி நீட்டிய கெண்டித் தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே கல்லானது. இரண்டாவது கெண்டி, மூன்றாவது கெண்டி. நட்டும் கம்பமும் ஒரே பனிக்கட்டி. இனி வசந்தத்தில் வரும் நோரூஸ் பண்டிகைக்குப் பனி உருகும்வரை அந்த டிஷ்ஷை யாராலும் அசைக்க முடியாது.

வெற்றி வீரராக இறங்கி உள்ளே வந்தார். திரையில் ஒரு பெண் மருத்துவமனைக் கட்டிலில் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.

"இது என்னது?"

"தொடர்."

"அந்தச் சனியனத்தான நிறுத்தினேன்!"

"நீங்க நிறுத்தினது சந்தா கட்டுறது. இது இலவசம். நேரா துருக்கியிலேருந்தே வருது. நம்ம பழைய சேனலை விட நாப்பது பாகம் முன்னாடி."

"உனக்குத் துருக்கிப் பேச்சு புரியுமா?"

"பாதி நம்ம பேச்சுதாங்க. மீதி அழுகை. அதுக்கு எதுக்குப் பாஷை?"

"கோக்-போரு எங்கடி?"

"அது வேற செயற்கைக்கோள். சீட்டுல போட்டிருந்துச்சு. ரெண்டு இருக்கு, எது வேணுமோ அத ரிமோட்டுல முதல்ல தேர்ந்தெடுக்கணும்னு. நான் ரெண்டாவத வச்சிருந்தேன்."

"அப்ப ஒரு ஜாண் திருப்பறதுக்குள்ளயே கோக்-போரு வந்திருக்குமே! வரலன்னு பொய் சொன்னியா?"

"பொய்யா? நான் ரிமோட்டுல வச்ச செயற்கைக்கோள்ல வரல. வரலன்னு சொன்னேன். நீங்கதான் எதுன்னு கேக்கலியே."

கெங்கேஷ் கோடரியைத் தேடி ஓடினார். பனிக்கட்டியோடு டிஷ்ஷும் உடைந்தால்? சுடுதண்ணீர் ஊற்றினால்? அதுவும் உறையும். மணி மூன்றே முக்கால். வாசலில் கார் சத்தம்.

மாம்பெட்டும் அவர் மனைவியும் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கெங்கேஷ் அவர்களைக் கதவுக்கு எதிரே உள்ள மரியாதை இடத்தில் உட்காரவைத்தார். மாம்பெட் திரையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"சம்பந்தி, குதிரை எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

கூரையில் இல்லாத வேர்வை இப்போது கெங்கேஷின் முதுகில் ஓடியது. கல்யாணத்தில் ஆட்டுத்தலை, இன்றைக்குக் குதிரை. மாம்பெட்டின் கை தொப்பியை நோக்கிப் போயிற்று.

உல்ஜான் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"குதிரையெல்லாம் பக்கத்து வீட்ல, சம்பந்தி. ஆம்பளைங்க எல்லாம் அங்க கூடியிருக்காங்க. கறியும் அங்கதான் வெந்துட்டிருக்கு. உங்க தலையை உங்க சம்பந்தியே கையால எடுத்து வைக்கணும்னு சொல்லிட்டார். அதுக்காகத்தான் காலையிலேயே அனுப்பிட்டோம்."

மாம்பெட்டின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க!" என்று எழுந்தார்.

இரண்டு வருடமாக மிதிக்காத வாசலை கெங்கேஷ் மிதித்தார். பெய்ஷென் கதவைத் திறந்து, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வா கெங்கேஷ். ஓசித்தட்டுல நல்லாத் தெரியுது. முன்னாடி உக்காரு."

திரையில் பளிங்கு மாதிரி குதிரைகள் பாய்ந்தன. மாம்பெட்டின் பையன் கடைசி நிமிடத்தில் ஆட்டைப் பறித்துக்கொண்டு வந்து கோலுக்குள் எறிந்து ஜெயித்தான். வீடே எழுந்து கத்தியது. கெங்கேஷ் ஆட்டுத்தலையை இரண்டு கையாலும் ஏந்தி மாம்பெட் முன்னால் வைத்தார். மாம்பெட் வழக்கப்படி அதன் காதை அறுத்துப் பக்கத்திலிருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கெங்கேஷுக்குக் கண் கலங்கியது. போன உறவு திரும்பி வந்துவிட்டது. உல்ஜானைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

வெளிச்சம் இருக்கும்போதே மாம்பெட் கிளம்பினார். கெங்கேஷைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டுத் தனியாகக் காரில் ஏறினார்.

"சம்பந்தியம்மா வரலியா?"

"அவளா? நீங்க போன்ல சொன்னீங்களே வானத்துக்கு வாடகைன்னு, ஒரு வார்த்தை சொன்னாலும் திருவார்த்தை! அன்னிக்கே நானும் சந்தாவ நிறுத்திட்டேன். அன்னியிலேருந்து வீட்ல எனக்குச் சோறு இல்ல. உங்க வீட்டம்மாதான் வழி சொன்னாங்க. நாப்பது பாகம் முன்னாடியே பாக்கலாம்னு. பனி உருகுற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும், சம்பந்தி."

"பனி உருகுறதுக்கு ரெண்டு மாசம் ஆகுமே!"

"ஆகட்டுமே. உங்க வீடு என்ன, அவ வீடு என்ன?"

கார் போய்விட்டது. கெங்கேஷ் உள்ளே ஓடினார். சம்பந்தியம்மா அவருடைய இடத்தில், அவருடைய தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குரிய விருந்தாளி. அவள் இருக்கும்வரை கூரையை நோக்கிக் கோடரியைத் தூக்க முடியுமா?

"உல்ஜான்" என்று தணிந்த குரலில் கேட்டார். "இருக்கிறது ஒரே அறை. சம்பந்தியம்மா இங்க படுத்தா நான் எங்க படுக்கிறது?"

உல்ஜான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மெத்தையத்தான் காலையிலேயே பெய்ஷென் வீட்டுக்கு அனுப்பிட்டேனே."