வேலி பாய் துப்பாக்கி வாங்கிய கதை

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் வேலி போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் வேலியை உடைக்க வருகிற ஆட்டின் மனசு தெரிந்தவர் ஒருவர்தான். மாட்டின் மனசும் அவருக்குத் தெரியும், குரங்கின் மனசும் தெரியும். மனுஷன் மனசு மட்டும் அவருக்குச் சுத்தமாகப் பிடிபடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஒரு ஆணித் துப்பாக்கியால் போயிற்று.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஆம்பூரில் அது யாருக்கும் தெரியாது. அவரே அச்சடித்து வைத்திருக்கிற விசிட்டிங் கார்டில்கூட 'வேலி பாய்' என்றுதான் இருக்கிறது.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் நான்கு காலில் இருந்தார். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு நண்பனின் தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் தொப்பி, முள்கம்பி வேலியின் கம்பத்தைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் நண்பனின் கையைப் பிடித்தேன்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாத. ஆடா இருக்காரு" என்றான் அவன்.

"எது வரைக்கும்?"

"சாப்பாடு வர்ற வரைக்கும்."

அதுதான் அவருடைய தொழில்முறை. வேலி யாரைத் தடுக்கப் போகிறதோ, முதலில் அவர் அதுவாக மாறிவிட வேண்டும். மாறினால்தான் எங்கே இடிக்கும், எங்கே நுழையும், எந்த இடத்தில் பொறுமை போகும் என்பதெல்லாம் தெரியுமாம். ஆம்பூரில் ஆட்டைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். இவருக்கு மட்டும், இந்த ஆடு இப்போது என்ன யோசித்துக்கொண்டிருக்கும் என்ற கவலை வரும்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் வியாபாரி வீட்டில் குரங்குத் தொல்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். பாய் காலையிலேயே போய்ப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கென்று பார்த்து அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே கிளையில் ஒரு ஆள். பாய்க்கு மரியாதை தெரியாமல் இல்லை. அங்கிருந்தபடியே "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். கீழே இருந்தவர்களும் வேறு வழியில்லாமல் பதில் சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். சாயங்காலம் பாய் இறங்கி வந்து வியாபாரியிடம் தீர்ப்புச் சொன்னார்.

"மொதலாளி, வேலி வேணாம். மாடியில வடாம் காயப்போடறத நிறுத்துங்க. அது இல்லேன்னா இந்த வீட்ல கொரங்குக்கு இன்னா வேல?"

அந்தச் சம்பந்தம் கூடியது. வேலி வேலை மட்டும் கைவிட்டுப் போனது. வலிய வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற மனுஷனைப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்கள் வீட்டுக்கே வேலி தேவைப்படுகிற வரைக்கும்.

எங்கள் நைனா, அதாவது என் அப்பா, வேலைக்குப் போன நாளெல்லாம் ஒரே ஷூ கம்பெனியில் இருந்தவர். தோலை அச்சின்மேல் இழுத்துப் பிடித்து ஒட்டுகிற லாஸ்டிங் செக்‌ஷன். கம்ப்ரசர் காற்றில் ஓடுகிற மெஷின்கள் நாளெல்லாம் அதிர்கிற இடம். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அந்த விஷயம் இப்போது அவருக்கு மறந்துபோய்விட்டது. என் பெயர் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. காலையில் கம்பெனி சங்கு ஊதினால் மட்டும் உடம்பு தானாக எழுந்துவிடும். சட்டையைப் போட்டுக்கொண்டு, காலி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓடுவது பெங்களூர் ஹைவே. ஒருநாள் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டு, அவர் சட்டையைத் தொடாத குறையாக நின்றது. டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். மறுநாள் கதவைப் பூட்டினோம். நைனா உள்ளே இருந்து கதவைத் தட்டித் தட்டி அழுதார். "லேட்டாப் போனா உள்ள விட மாட்டாங்கப்பா, தொறங்கப்பா" என்று அவர் கெஞ்சியதை என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. பூட்டினால் அழுகை, திறந்தால் லாரி. வீட்டைச் சுற்றி ஒரு வேலி இருந்தால் தோட்டத்தில் இஷ்டப்படி நடமாடட்டும் என்று என் மனைவி வசந்தாதான் சொன்னாள். மதில் எழுப்ப மழை முடியட்டும் என்றார் மேஸ்திரி. முள்கம்பியை நினைத்தாலே நைனாவின் கைதான் கண்ணில் வந்தது. கடைசியில் வேலி பாய்க்குப் போன் போட்டேன்.

வந்ததும் அவருடைய வழக்கமான கேள்வி. "சார், உள்ள யாரு, வெளிய யாரு?"

"உள்ள... எங்க நைனா."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் கூட ஆட்டவில்லை. "அப்படின்னா நான் நைனா ஆவணும். அவரு சட்டை ஒண்ணு குடுங்க" என்றார்.

மறுநாள் காலை சங்கு ஊதியதும் எங்கள் தெருவில் இரண்டு நைனா போனார்கள். முன்னால் எங்கள் நைனா. பின்னால் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் இன்னொரு டிபன் பாக்ஸுடன், அதே கூன், அதே நடை, அதே அவசரத்தோடு வேலி பாய். ஹைவே ஓரத்தில் மட்டும் பின்னால் போனவர் முன்னால் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் வசந்தாவிடம், "உன் மாமனாருக்குத் தம்பி இருக்காருன்னு நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

திரும்பி வந்த பாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "சார், ஆடு வேலியைத் தாண்டுறது பசியில. நைனாவுக்குப் பசி இல்ல, பயம். லேட்டாயிடுமோன்னு பயம். பசிக்குப் போடற வேலி வேற, பயத்துக்குப் போடற வேலி வேற."

"சரி, பலகைக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றேன்.

தோல் பதனிடுகிற பழைய ஷாப் ஒன்றில், ஈரத்தோலை இழுத்து ஆணியடித்துக் காயவைத்த பலகைகளைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அம்மைத் தழும்பு மாதிரி உடம்பெல்லாம் ஆணி ஓட்டை. ஆனால் மரம் இரும்பு. கம்பத்துக்குச் சவுக்கு. சுத்தியலால் அடித்தால் பாலாற்று மணலில் நட்ட கம்பம் ஆடிப்போகும் என்பதால், விசையை அழுத்தினாலே ஆணி இறங்குகிற ஆணித் துப்பாக்கி ஒன்று வாங்கியே தீருவது என்று பாய் முடிவு செய்தார். எப்படியும் தொழிலுக்கு ஆகும், தானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். யூடியூபில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்த திமிரில் கூடவே போனேன். வசந்தா ஸ்கூல் வேலைக்குப் போய்விட்டதால் நைனாவும் எங்களோடு வந்தார்.

பஜாரில் ஹார்ட்வேர் கடைக்காரருக்குப் பாயைப் பார்த்ததுமே முகம் வாடிவிட்டது. "பாய், போன தடவ மாதிரி மாடா ஆவாதீங்க. பெயிண்ட் டப்பா மொத்தமும் சரிஞ்சிடுச்சி."

"இன்னிக்கு நான் மனுஷன்தாம்பா" என்றார் பாய்.

முதலில் வந்தது ஊசி ஆணி அடிக்கிற சின்னத் துப்பாக்கி. கடைக்காரரை இரண்டு பலகையை அதால் சேர்க்கச் சொல்லி, பாய் நைனா மாதிரிக் கூன் போட்டுத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். பலகை கையோடு வந்துவிட்டது. "இது போட்டோ பிரேமுக்கு ஆவும். நம்ம நைனாவுக்கு ஆவாது."

நம்ம நைனா என்றார். நான் கவனித்தேன்.

அடுத்தது, விசையை அழுத்திப் பிடித்தபடி துப்பாக்கியின் மூக்கு எங்கே பட்டாலும் படபடவென்று சுடுகிற ரகம். பாய் அதைத் தொடவே இல்லை. "ஒவ்வொரு தடவையும் மூக்க மரத்துல அழுத்தணும், அப்பறம் வெரல வெக்கணும், அப்பதான் சுடணும். பக்கத்துல நைனா நிப்பாரு இல்ல?"

மூன்றாவதாக பேட்டரித் துப்பாக்கி. என் கட்சி. ஒயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது, கரண்ட் போனாலும் கவலை இல்லை. நீள ஆணி, அதுவும் உடம்பில் வளையம் வளையமாக வெட்டிய, துருப்பிடிக்காத ஆணி போடும். அதால் அடித்த பலகையைப் பாய் நைனாவாகத் தள்ளினார், அசையவில்லை. முறுக்கிக்கொண்டு ஆடாகவும் ஒரு முறை முட்டிப் பார்த்தார், அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இதற்குள் நைனா பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்து நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தார். "டைம் ஆவுது, நான் கெளம்பறேன்" என்று எழுந்து படி இறங்கவும் ஆரம்பித்துவிட்டார். நான் பிடிக்க ஓடினேன். அந்த நேரம் கடைக்காரர், "எதுக்கும் காத்துல ஓடறதையும் ஒரு தடவ பார்த்துடுங்க" என்று கம்ப்ரசரைப் போட்டார்.

கடையே அதிர்ந்தது. நைனா படியிலேயே நின்றார். திரும்பினார். முகத்திலிருந்த தவிப்பு அப்படியே இறங்கிப்போய்விட்டது. மேலே ஏறி வந்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கம்ப்ரசர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏர் வந்துடுச்சி. எல்லாரும் இன்னா வேடிக்க பாக்கறீங்க? ஜோடி எடுத்துக் குடுங்க" என்றார்.

கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, ஒரு ஜோடி தோல் கையுறையை எடுத்து நீட்டினார். நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் சரியில்லை என்று ஒன்றைத் தள்ளிவைத்தார். எத்தனையோ மாதங்களாக நான் பார்க்காத நைனா அது.

வேலி பாய் பேட்டரித் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தார். "காத்து கன்னே குடுப்பா. கம்ப்ரசரோட."

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், கரண்ட் போனா வேல நிக்கும். பைப்ப இழுத்துக்கினே சுத்தணும். வெயிட்டு ஜாஸ்தி. சத்தம் எவ்ளோ ஜாஸ்தி பாருங்க!"

"சத்தம் ஜாஸ்திதான் சார்" என்றார் அவர். "அதுக்குத்தான்."

வேலை நடந்த நாள்களில் எங்கள் தெருவே பேஜாராகிப் போனது. ஆனால் காலை சங்கு ஊதும், உடனே எங்கள் தோட்டத்தில் கம்ப்ரசர் ஓடும். நைனா வாசல் பக்கமே திரும்பாமல் பலகைகளைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். பலகையைக் கம்பத்துக்கு வெளிப்பக்கம் அடித்தால் தெருவிலிருந்து பார்க்க லட்சணமாக இருக்குமே என்றேன். பாய் என்னை ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இல்லை, ஆட்டை இன்னும் மரியாதையாகப் பார்ப்பார்.

"ஆடு வெளியேர்ந்து முட்டும், அதுக்குப் பலகை வெளிய. நைனா உள்ளேர்ந்து தள்ளுவாரு. பலகை உள்பக்கம் இருந்தா அவரு தள்ளத் தள்ளக் கம்பத்து மேலதான் போய் சாயும். ஆணி பிடுங்காது." சொல்லிவிட்டு, அடித்து முடித்த பலகையில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "சாஞ்சிக்கினு நிப்பாரு இல்ல சார், ஆணி முனை இருக்கக் கூடாது."

கதவும் மாட்டியாயிற்று. கடைசிப் பரீட்சை பாக்கி. பாய் நைனாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, கூன் போட்டுக் கதவைத் தள்ளினார். "லேட்டாயிடுச்சி, தொறங்க, தொறங்க" என்று நைனாவின் குரலிலேயே கெஞ்சினார். வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எங்கள் நைனா எழுந்து போய்ப் பாயின் தோளில் கையை வைத்தார்.

"இன்னா பாய் இது? டியூட்டி டைம்ல வெளிய போறியே, சூப்பர்வைசர் பார்த்தா இன்னா ஆவறது? வா, வந்து ஒக்காரு. நான் சொல்லிக்கறேன்."

பாய் திரும்பி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அன்றைக்குப் பாய் எந்தப் பிராணியாகவும் மாறவில்லை.

வேலை முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை சங்கு ஊதியது. நைனா சட்டையை மாட்டினார். கதவைத் தள்ளினார். வேலி அசையவில்லை. பாயின் வேலை அப்பழுக்கில்லாத வேலை. ஆனால் நைனாவின் உதடு கோணியது. லாரியிடமிருந்து காப்பாற்றிவிட்டோம், அழுகையிலிருந்து காப்பாற்ற முடியவில்லையே என்று நான் நின்றபோது, தெருவில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வேலி பாய் கம்ப்ரசரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கம்ப்ரசர் தொட்டியில தண்ணி சேர்ந்துடும். தெனமும் கொஞ்ச நேரம் ஓட்டித் தண்ணிய எறக்கணும். எங்க வீட்ல வோல்டேஜ் கம்மி. உங்க வீட்ல ஓட்டிக்கறேனே."

அன்றிலிருந்து தினமும் வருகிறார். மேல்விஷாரத்தில் வேலை என்றாலும், வேலூரில் வேலை என்றாலும், முதலில் எங்கள் வீடுதான். கம்ப்ரசர் ஓடுகிறது. நைனா பக்கத்தில் உட்கார்ந்து, வசந்தா எடுத்து வைக்கிற செருப்புகளை ஜோடி பார்க்கிறார். நைனாவின் மனசு அமைதியானதும் பாய் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார். இத்தனை சத்தம் எதற்கு என்று தெருவில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆம்பூரில் அதைவிட இனிமையான சத்தம் கிடையாது.

போன வாரம் ஒரு வேலையாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வோல்டேஜ் கம்மியாம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது, தலைக்கு மேலே ஃபேன் என் சட்டையைப் பறக்கடித்தது. நான் எதுவும் பார்க்காதவன்போலப் பேச வேண்டியதைப் பேசிவிட்டு எழுந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "பாய், நாளைக்கும் தண்ணி எறக்கணும் இல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"எறக்கித்தானே சார் ஆவணும்" என்றார்.