சில்வெஸ்டரும் மூன்று வெள்ளி டொலரும்

வாழ்நாளில் ஒருதரமாவது மனைவியை வெல்வது என்று சில்வெஸ்டர் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை பின்னேரம், நாணயக் கடை வாசலில். ஜேர்மனியின் பொன் நகரத்தில் இருபத்தாறு வருசம் இருந்தும் மனுசன் பொன்னைக் கண்டதில்லை. வெள்ளியாவது வந்ததே! பேரிலேயே சில்வர் இருக்கிறவருக்கு இதைவிட என்ன பொருத்தம்?

வெள்ளி என்னவோ மனைவி பிறேமாவினுடையது. பழைய சாமான் சந்தையில் இரண்டு யூரோவுக்கு அவள் வாங்கிய சட்டைத்தெறித் தகரப் பேணியின் அடியில், பொத்தான்களுக்குக் கீழே, மூன்று பழைய அமெரிக்க வெள்ளி டொலர்கள் கிடந்தன. "விலை கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பியிருந்தாள்.

கடைக்காரக் கிழவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இரண்டு சாதாரணம். இது மட்டும் அப்படியில்லை. கழுகுக்குக் கீழே சின்னதாக இரண்டு 'சி' இருக்கிறது பாருங்கள். அமெரிக்காவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தது. அங்கே அடித்தவை குறைவு. நானூறு தருவேன். தயவுசெய்து மினுக்கிவிடாதீர்கள், பாதி விலை போய்விடும்."

சில்வெஸ்டரின் கண்முன் ஒரு தூண்டில் ஆடியது. றைன் ஆற்றில் மீன்பிடிக்க இரண்டு வருசமாக ஆசை. "கடையில மீன் செத்தே கிடக்கு, நீங்கள் போய்க் கொல்லோணுமே?" என்று பிறேமா மறித்துவைத்திருந்த தூண்டில்.

வீட்டில் பிறேமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"என்னத்த சொல்ல! வெள்ளி நிறைக்குத்தான் விலையாம். ஒண்டு இருபத்தைஞ்சு."

"மூண்டுமோ?"

"ஓம். எல்லாம் ஒரே கழுகுதானே."

"அப்ப வித்துப்போட்டு வந்திருக்கலாமே?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இருமினார். "வடிவா இருக்கப்பா. நானே வாங்கி வைப்பம் எண்டு... ஒண்டுக்கு முப்பது தாறன்."

கேட்டதற்கு மேல் ஐந்து சதம்கூடக் கொடுத்தறியாத மனுசன். பிறேமாவின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டியது.

"யோசிச்சுச் சொல்லுறன்."

வியாழக்கிழமை சொன்னாள். "அம்பது எண்டால் எடுங்கோ."

"அம்பதோ! பகல் கொள்ளை!" என்று முறைக்குக் கத்திவிட்டு, நூற்றைம்பதை எண்ணி வைத்தார். கைபட்டால் விலை குறையுமோ என்ற பயத்தில் பேணியைத் திறக்கவுமில்லை.

சனிக்கிழமை பச்சைப்பிள்ளையைப் போல அதை ஏந்திக்கொண்டு கடைக்குப் போனார். கிழவர் மூன்றையும் பார்த்தார்.

"எல்லாம் சாதாரணம். ஒன்றுக்கு முப்பத்தைந்து தரலாம்."

"கழுகுக்குக் கீழே வடிவாப் பாருங்கள்!"

கண்ணாடியைப் பறித்துத் தானே பார்த்தார். கழுகு இருந்தது. 'சி' இல்லை.

"அதுவா? அதைப் புதன்கிழமை உங்கள் மனைவி விற்றுவிட்டாரே. உங்கள் காற்சட்டைப் பையில் என் கடை அட்டை இருந்ததாம். நானூற்றை நானூற்று நாற்பது ஆக்கிவிட்டுத்தான் விட்டார். பேணியில் ஒன்று குறையக்கூடாது என்று முப்பத்தைந்துக்கு ஒரு சாதாரண டொலரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்."

சில்வெஸ்டர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

கிழவர் ஆவி பறக்கும் கோப்பை ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

"சனிக்கிழமை கணவர் வருவார், ஒரு கோப்பி கொடுங்கள் என்றார். சீனி மட்டும் போடவேண்டாமாம்."